காற்றைக் கேட்காத நெருப்பு

1947 ஏப்ரல் 16, காலை எட்டு மணி இருக்கும். அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் ‘கிராண்ட்கேம்ப்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சரக்கறைக்குள்ளிருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். மூட்டைகளில் இருந்தது அம்மோனியம் நைட்ரேட் உரம். காகிதப் பைகளில் அடைத்து, ஏறத்தாழ 2,300 டன் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். கையில் கிடைத்த தீயணைப்பான்களை அடித்தார்கள். புகை அடங்கவில்லை. குழாய் போட்டுத் தண்ணீர் அடித்தால் சரக்கு முழுக்க வீணாகிவிடும் என்று கேப்டன் தடுத்துவிட்டார். சரக்கறையின் வாயைப் பலகையாலும் தார்ப்பாயாலும் மூடி, உள்ளே நீராவியைத் திறந்துவிடச் சொன்னார். காற்றை அடைத்தால் தீ தானே அவிந்துவிடும் என்பது கப்பல்காரர்களின் பழைய அனுபவம். எரிந்தது பஞ்சாகவோ நிலக்கரியாகவோ இருந்திருந்தால் அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

அரை மணி நேரத்துக்குள் மூடியிருந்த பலகைகள் தெறித்து விழுந்தன. செம்மஞ்சள் நிறத்தில் புகை எழுந்தது. யாரும் அதுவரை பார்த்திராத நிறம் என்பதால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. தீயணைப்புப் படை வந்து தண்ணீர் அடித்தபோது, பட்ட தண்ணீர் அப்படியே ஆவியாகும் அளவுக்குக் கப்பலின் மேல்தளம் காய்ந்திருந்தது. 9 மணி 12 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அதன் நங்கூரம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் அந்த நொடியில் இறந்தார்கள். அன்று நள்ளிரவு தாண்டி, பக்கத்தில் நின்ற ‘ஹை ஃப்ளையர்’ என்ற இன்னொரு கப்பலும் வெடித்தது. அதிலும் அம்மோனியம் நைட்ரேட்தான், கூடவே கந்தகம். மொத்தத்தில் ஏறத்தாழ 580 பேர் மாண்டார்கள்.

கேப்டன் செய்த தவறு என்ன என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்துவிடும். தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஈரச் சாக்கைப் போர்த்துவது, மணலைக் கொட்டுவது, நுரை அடிப்பது, கார்பன் டை ஆக்சைடு அடிப்பது எல்லாமே அந்த மூன்றாவதைத் தடுக்கிற உத்திகள். காற்றிலிருந்து ஆக்சிஜன் வராவிட்டால் தீ அவியும். ஆனால் சில வேதிப்பொருள்கள் தங்களுக்கு வேண்டிய ஆக்சிஜனை மூலக்கூறுக்குள்ளேயே கட்டிவைத்திருக்கின்றன. சூடு ஏறினால் அதை வெளியே விட்டுப் பக்கத்தில் இருக்கும் மரத்தையும் காகிதத்தையும் எண்ணெயையும் எரியவைக்கும். இவற்றை ஆக்சிஜனேற்றிகள் என்கிறோம். நைட்ரேட்டுகள், குளோரேட்டுகள், பெர்குளோரேட்டுகள், பெர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, ப்ளீச்சிங் பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட், அடர் நைட்ரிக் அமிலம் எல்லாம் இந்த வகை. அம்மோனியம் நைட்ரேட்டின் எடையில் 60 சதவீதம் ஆக்சிஜன். அதில் ஒரு பகுதி நீராவியாகப் போனாலும், எஞ்சியதே மூட்டைக் காகிதத்தை எரித்துத் தள்ளப் போதும். அதற்குக் காற்று தேவையில்லை.

கிராண்ட்கேம்ப் கப்பலில் இதற்கு மேலும் ஒன்று நடந்தது. அம்மோனியம் நைட்ரேட் 169 டிகிரி செல்சியஸில் உருகும். 200 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். சிதையும்போது வாயுவும் வெளியேறுகிறது, வெப்பமும் கூடுகிறது. திறந்த வெளியில் இருந்தால் அந்த வாயுவும் வெப்பமும் தப்பிப் போகும். மூடிய சரக்கறையில் எங்கே போகும்? நீராவி உள்ளே இருந்ததை மேலும் சூடாக்கியது. பலகையும் தார்ப்பாயும் அழுத்தத்தை அடைத்துவைத்தன. தீயை மூச்சுத் திணற வைக்கச் செய்த ஏற்பாடு, அதை வெடிக்கவைக்கும் ஏற்பாடாக மாறிவிட்டது.

இதன் மிகச் சிறிய வடிவம் நம் எல்லோர் வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கிறது. சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் செய்து வரும் தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். பாஸ்பரஸும் குளோரேட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் லேசான உரசலுக்கே பற்றும். அதனால்தான் ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் பிரித்துவைத்தார்கள். கிழிக்கிற கணத்தில் மட்டும், ஒரு கடுகளவு பாஸ்பரஸ் குளோரேட்டைச் சந்திக்கிறது. முதலில் சீறுகிற வெள்ளைச் சுடருக்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து வரவில்லை, குச்சியின் தலையிலிருந்தே வருகிறது. அது அடங்கி மரம் எரியத் தொடங்கும்போதுதான் காற்று வேலைக்கு வருகிறது. ஆபத்தான இரண்டைப் பிரித்துவைப்பது என்ற ஒரே யோசனையால் கோடிக்கணக்கான வீடுகளில் இது பத்திரமாக இருக்கிறது. கிடங்குப் பாதுகாப்பின் முதல் பாடமும் இதுதான். ஆக்சிஜனேற்றியையும் எரியக்கூடியதையும் ஒரே கூரையின் கீழ் அடுக்காதே.

பட்டாசு ஆலையில் இந்தப் பிரிவு கிடையாது. ஆக்சிஜன் தரும் உப்பும் எரிகிற கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்து மருந்தாகிவிட்ட பிறகு, அதை அணைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருள் தயாரிப்பை இந்திய அரசு 1992-லேயே தடைசெய்தது, அந்தக் கலவை உராய்வுக்கு அவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால்தான். மருந்து அறையில் தீப்பிடித்தால் வெளியே ஓடுவதைத் தவிர வேறு நடவடிக்கை இல்லை. ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருப்பது அந்த ஓட்டத்துக்காக. அதை மீறி ஆட்களை நெருக்கி உட்காரவைப்பவர்கள் அவர்களுடைய வாசலை அடைக்கிறார்கள்.

இந்த வேதிப்பொருள்கள் நம்மை ஏமாற்றுவது அவற்றின் சாதுவான தோற்றத்தால். பெரும்பாலானவை பார்க்க உப்புப் போல இருக்கும். தனியாக வைத்தால் பெரும்பாலும் எரியாது. பெட்ரோலைப் போல மணக்காது. ‘இது எரியிற சாமான் இல்லீங்க’ என்று கிடங்குக்காரர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் துணியை வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாருங்கள். தண்ணீரைப் போலவே தெளிவான திரவம். 50 சதவீத அடர்த்தி கொண்ட ஒரு லிட்டர் பெராக்சைடு முழுக்கச் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வரும், வெப்பமும் சேர்ந்து வரும். சிதைவைத் தொடங்கிவைக்கத் துரு போதும், தெருப்புழுதி போதும். அதனால்தான் அந்தக் கேன்களின் மூடியில் வாயு வெளியேற ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அந்த மூடி தொலைந்துபோனால் வேறொரு கேனின் சாதாரண மூடியை எடுத்து இறுக்கிவிடுவது பட்டறைகளில் நடக்கக்கூடியதுதான். அப்படி இறுக்கினால் கேன் உப்பும். உப்பினால் ஒரு நாள் பிளக்கும். அளந்து எடுத்தது மீந்துவிட்டால் திரும்பக் கேனில் ஊற்றுவதும் கூடாது. குவளையில் ஒட்டியிருந்த அழுக்கு முழுக் கேனையும் கெடுத்துவிடும்.

2022 ஜூன் 4 இரவு, வங்கதேசத்தின் சட்டோகிராம் நகருக்கு அருகே சீதாகுண்டாவில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வழக்கமான தீ என்று நினைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே நெருங்கினார்கள். சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் நேரலை காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த கன்டெய்னர்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அவர்களில் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள்.

பெய்ரூட்டை எல்லோரும் அறிவோம். 2020 ஆகஸ்ட் 4. துறைமுகத்தின் 12-ஆம் எண் கிடங்கில், 2013-இல் வந்து நின்ற ஒரு கப்பலிலிருந்து இறக்கிய 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. மாலையில் தீ என்று அழைப்பு வந்ததும் நகரத் தீயணைப்புப் படையிலிருந்து பத்துப் பேர் கொண்ட குழு போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்துப் பேரும் திரும்பவில்லை. நகரத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்ற சிறு ஊரில் உரக் கிடங்கு எரிந்து வெடித்தபோது இறந்த 15 பேரில் 12 பேர் தீயை அணைக்கவும் மீட்கவும் ஓடியவர்கள். தீ என்று தகவல் வந்ததற்கும் வெடிப்புக்கும் இடையே இருந்தது இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் இறந்த, காணாமல்போன 173 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தீயணைப்பு வீரர்கள்.

இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. உதவிக்கு ஓடிவந்தவர்களே முதலில் செத்திருக்கிறார்கள். பெய்ரூட்டிலும் சீதாகுண்டாவிலும் அவர்களிடம் தைரியத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கிடைக்காமல்போனது ஒரே ஒரு தகவல்: உள்ளே இருப்பதன் பெயர். ஆக்சிஜனேற்றி விபத்தில் முதல் ஆயுதம் அந்தப் பெயர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தண்ணீரும் வண்டியும் முகமூடியும் அதற்குப் பிறகு.

பெயரைத் தெரிந்துகொள்ள உலகம் ஒரு முறையை வகுத்துவைத்திருக்கிறது. லாரியிலோ டிரம்மிலோ மஞ்சள் நிறச் சாய்சதுரம் ஒட்டியிருந்து, அதில் ஒரு வட்டமும் வட்டத்தின் தலையில் தீச்சுடரும், கீழ் மூலையில் 5.1 என்ற எண்ணும் இருந்தால் அது ஆக்சிஜனேற்றி. சிவப்பும் மஞ்சளுமாகப் பாதிப்பாதி இருந்து 5.2 என்று போட்டிருந்தால் கரிமப் பெராக்சைடு; அது இன்னும் முரடு. கூடவே ஐ.நா. எண் என்ற நான்கு இலக்க எண் இருக்கும். 1942 என்றால் அம்மோனியம் நைட்ரேட். 2014 என்றால் 20 முதல் 60 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 1490 பொட்டாசியம் பெர்மாங்கனேட். 2031 நைட்ரிக் அமிலம். நம் நெடுஞ்சாலைகளில் ரசாயன டேங்கர் லாரிகளின் பக்கவாட்டிலும் பின்புறமும் இருக்கும் பலகையில் இந்த எண்ணோடு ‘ஹாஸ்கெம்’ குறியீடும் அவசரத் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. அந்தக் குறியீட்டின் முதல் எண்ணே தீயணைப்பு வீரருக்குச் சேதி சொல்லிவிடும். 1 என்றால் நீரைப் பாய்ச்சு, 2 என்றால் பூந்தூறலாக அடி, 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்ந்த பொருள், தண்ணீர் ஆகாது. கடைசியில் ஆங்கில ‘இ’ எழுத்து இருந்தால் சுற்றுவட்டார மக்களை வெளியேற்றுவது பற்றி யோசி என்று அர்த்தம். விபத்தைப் பார்த்தவர் பக்கத்தில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. தூரத்தில் நின்று கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கினாலே அந்த நான்கு இலக்கம் தெரியும். 112-க்கோ 101-க்கோ அழைக்கும்போது ‘ஒரு டேங்கர் கவுந்துடுச்சு’ என்பதோடு அந்த எண்ணையும் சொன்னால், வருகிறவர்கள் வழியிலேயே தயாராகிவிடுவார்கள்.

அப்படித் தயாராக அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து வெளியிடும் ஆரஞ்சு அட்டைக் கையேடு ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் ஆக்சிஜனேற்றிகளில் பலவற்றுக்கு 140-ஆம் வழிகாட்டி. அது சொல்வதன் சாரத்தை நம் பேச்சில் சொல்கிறேன். சிந்தியது திடப்பொருள் என்றால் குறைந்தது 25 மீட்டரும் திரவம் என்றால் 50 மீட்டரும் எல்லாப் பக்கமும் காலிசெய்ய வேண்டும். டேங்கரே தீயில் மாட்டிக்கொண்டால் 800 மீட்டர். அதில் இருப்பது அம்மோனியம் நைட்ரேட் என்றால் 1,600 மீட்டர். தீயணைப்பு வீரர்களும் அந்த எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும். காற்று வருகிற பக்கமாக, மேடான இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். தீயில் சூடேறிய லாரியையோ சரக்கையோ நகர்த்தக் கூடாது.

அணைக்கத் தண்ணீர்தான். அதுவும் வெள்ளமாக, தொலைவிலிருந்து. இங்கே தண்ணீரின் வேலை காற்றை மறைப்பதல்ல, சூட்டை இறக்குவது. ஆக்சிஜனைப் பிடுங்க முடியாத இடத்தில் வெப்பத்தைத்தான் பிடுங்க முடியும். உலர்ந்த பொடியும் நுரையும் இங்கே உதவாது என்று அந்தக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. கார்பன் டை ஆக்சைடால் கிடைப்பதும் அற்பப் பலன்தான். பொடி வகைத் தீயணைப்பானைச் சுவரில் மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் ப்ளீச்சிங் பட்டறை உரிமையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீ இன்னும் ஆக்சிஜனேற்றியைத் தொடாமல் பக்கத்துக் குப்பையிலோ மின்கம்பியிலோ இருந்தால் முதல் நிமிடத்தில் அணைக்க முயலலாம். அந்த மூட்டைகளுக்கோ கேன்களுக்கோ பரவிவிட்டால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வெளியேறுவதே வேலை.

தண்ணீருக்கும் விலக்கு உண்டு. நீச்சல்குளத்துக்குப் போடும் குளோரின் மாத்திரைகளில் உள்ள ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் நிறையத் தண்ணீரில் அமைதியாகக் கரையும். கொஞ்சமாக நனைந்தால் சூடேறி நச்சு வாயுக்களைக் கக்கும். 2024 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கான்யர்ஸ் நகரத்து ஆலை ஒன்றில் தீயணைப்புத் தெளிப்பான் பழுதாகி இதுபோன்ற ரசாயனங்கள் நனைந்தன. ஏறத்தாழ 17,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. பெயர் முதலில் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விஷமாகிவிடுகிறது.

தீயே இல்லாமல் வெறுமனே கொட்டிவிட்டால்? பட்டறைகளில் எது கொட்டினாலும் மரத்தூளை அள்ளிப் போட்டுக் கூட்டுவதும் பழைய சாக்கால் துடைப்பதும் கைப்பழக்கம். டீசலுக்குச் சரி. நைட்ரிக் அமிலத்திலோ பெராக்சைடிலோ மரத்தூளைப் போட்டால் எரிபொருளை நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகிவிடும். உடனே பற்றாவிட்டாலும் குப்பைத் தொட்டிக்குள் இருந்து சில மணி நேரம் கழித்துப் பற்றலாம். சுத்தமான உலர்ந்த மணல் போடலாம். மண்ணெண்ணெயோ ஆயிலோ பட்ட மணல் கூடாது. கூட்டி அள்ளியதைத் திரும்ப அதே மூட்டையிலோ டிரம்மிலோ போடக் கூடாது. எண்ணெய் படிந்த சிமென்ட் தரையும் எரிபொருள்தான், மூட்டை அடுக்கும் மரப்பலகையும் எரிபொருள்தான்.

போட்டிருக்கும் துணியும் அப்படியே. 1930-களில் நியூசிலாந்து விவசாயிகள் பால்மாட்டு மேய்ச்சல் நிலத்தில் பரவிய ஒரு களையை ஒழிக்கச் சோடியம் குளோரேட் கரைசலைத் தெளித்தார்கள். கரைசல் நனைத்த கால்சட்டைகள் காய்ந்தபின், பருத்தி நூலுக்குள் குளோரேட் ஊறிய ஒரு வெடிமருந்தாகிவிட்டன. கணப்படுப்பின் முன் காயப்போட்டவை வெடித்தன. குதிரை மேல் போகும்போது உரசலில் புகைந்தவையும் உண்டு. கேட்பதற்குக் கதை போல இருக்கும், ஆனால் அதில் தீக்காயம் பட்டவர்கள் இருந்தார்கள். ஆக்சிஜனேற்றி பட்ட உடையை உடனே கழற்றி, ஈரம் காயும் முன்பே ஏராளமான தண்ணீரில் அலசிவிட வேண்டும். கழற்றி மூலையில் வீசிவைப்பது ஆபத்து. தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். எலுமிச்சையோ மஞ்சளோ எண்ணெயோ தடவக் கூடாது.

புகையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நைட்ரேட்டும் நைட்ரிக் அமிலமும் சிதையும்போது வரும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. டெக்சஸ் சிட்டியில் கூட்டத்தை ஈர்த்த நிறமும் பெய்ரூட்டின் வானில் எழுந்த நிறமும் அதுதான். இதைச் சுவாசித்தவருக்கு அப்போதைக்குக் கொஞ்சம் இருமலும் கண்ணெரிச்சலும்தான் இருக்கும். ‘ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கூடக் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நின்றுவிடலாம். நகைப்பட்டறையில் ஆசிட் வைத்து வேலைசெய்யும் தோழர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: பழுப்புப் புகை பிடித்த நாளில் உடம்பு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள், என்ன புகை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மழை வெள்ளத்துக்குப் பிறகு தெருவெல்லாம் தூவுகிற ப்ளீச்சிங் பவுடரை, கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து நோயாளியைப் பார்ப்பவர்கள் அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது. அந்த அறையில் ஊதுபத்தியும் விளக்கும் கூடாது. போர்வையிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும். 2021 ஏப்ரலில் பாக்தாத்தின் ஒரு கொரோனா மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டர்களோடு தீ சேர்ந்தபோது எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் தோல்விகளாகவே இருக்கின்றன. சரியாக நடந்ததும் உண்டு. 1988 மே 4 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஹெண்டர்சன் நகருக்கு அருகே ஒரு பெர்குளோரேட் ஆலையில் தீப்பிடித்தது. சாலஞ்சர் விண்கல விபத்துக்குப் பிறகு விண்கலங்கள் பறக்காமல் நின்றதால், ராக்கெட் எரிபொருளுக்காகச் செய்த அம்மோனியம் பெர்குளோரேட் நாலாயிரம் டன் அளவுக்கு அங்கே தேங்கிக் கிடந்தது. தொழிலாளர்கள் முதலில் குழாயை எடுத்தார்கள். அடங்காது என்று தெரிந்ததும் போட்டுவிட்டுப் பாலைவனத்தை நோக்கி ஓடினார்கள். பக்கத்து மிட்டாய் ஆலைக்காரர்களும் ஓடினார்கள். புகையைப் பார்த்துக் காரில் விரைந்த தீயணைப்புத் தலைவரின் கண்ணாடியை, அவர் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே வெடிப்பு நொறுக்கியது. அவர் வண்டியைத் திருப்பினார். தன் படையையும் தொலைவிலேயே நிறுத்திவைத்தார். யாரும் அந்தத் தீயை அணைக்க நெருங்கவில்லை. அடுத்து வந்த வெடிப்பு இன்னும் பெரியது. ஆலை முழுக்க அழிந்தது. பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கண்ணாடிகள் உடைந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் இருவர். அந்த அளவு சரக்குக்கு இந்த எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணம், ஓட வேண்டிய நேரத்தில் ஓடியதும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும். பின்வாங்குவதைக் கோழைத்தனமாகப் பார்க்கும் நம் மனநிலை மாற வேண்டும். திரும்பிய அந்தத் தலைவரைத்தான் நான் வீரர் என்பேன்.

நமக்கும் இதில் எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. பெய்ரூட் வெடித்த அதே வாரத்தில்தான், சென்னை மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் இருப்பது தமிழ்நாடு முழுவதும் பேச்சானது. அவசர அவசரமாக ஏலம்விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். 2012-இல் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் வந்த பிறகும் அது குடியிருப்புகளுக்கு அருகில் அத்தனை ஆண்டுகள் இருந்தது. அடுத்த ஆண்டே, 2021 மே 20 அன்று, கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கப்பல் தீப்பிடித்தது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. அமிலம் கசிகிற கன்டெய்னரை இறக்கித்தரக் கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டு, இரண்டு இடத்திலும் நடக்காமல் அந்தக் கப்பல் கொழும்புக்கு வந்திருந்தது. கசிவைக் கையாள்வதற்கான ஆளும் ஏற்பாடும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் இருந்திருந்தால், நீர்கொழும்பு மீனவர்கள் பிளாஸ்டிக் மணிகளால் மூடிய கடற்கரையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே சாயப்பட்டறை, உரக்கடை, நகைப்பட்டறை, ரசாயனக் கிடங்கு, தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் எதை நடத்துபவராக இருந்தாலும் ஒன்றைச் செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் ஆக்சிஜனேற்றிகளின் பெயர், ஐ.நா. எண், அளவு, எந்த அறையில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வெளிவாசலில் ஒட்டுங்கள். சரக்கு மாறும்போதெல்லாம் தாளை மாற்றுங்கள். அதன் நகலை உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போகும்படி அவர்களை அழையுங்கள். இரவுக் காவலாளிக்கும் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். தீ என்றால் முதலில் தொலைபேசியை எடுக்கப்போகிறவர் அவர்தான்.